மேசை எண் ஆறு, அரசு கலைக் கல்லூரி

ஜனவரி 18, சனி

எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் கடையைத் திறந்து ஜெராக்ஸ் மிஷினுக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தேன். பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை இந்திராணி டீச்சரே நேரில் வந்து நின்றார். நான் படித்த பள்ளிதான். எதையோ லேமினேஷன் பண்ண வந்திருக்கிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

"ஏம்மா கோகிலவாணி, நீ நம்மூர் அரசு கலைக் கல்லூரிலதான படிச்ச?"

"ஆமாங்க டீச்சர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிங்க."

பிப்ரவரி எட்டாம் தேதி பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கண்காட்சி வைக்கிறார்களாம். அந்தந்தக் கல்லூரியில் படித்தவர்களே மேசை போட்டு உட்கார்ந்து, பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்று என்ஜினீயரிங் கல்லூரி, பாலிடெக்னிக், நர்சிங் எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிட்டதாம். அரசு கலைக் கல்லூரிக்கு மட்டும் ஒருத்தரும் வரவில்லை.

"அந்த ஒரு மேசை காலியா கெடந்தா நல்லாவா இருக்கும்? நீ வர்றயா?"

அவர் முடிக்கும் முன்பே சரி என்றுவிட்டேன். பத்து வருஷமாக இந்தக் கடையில் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் கல்லூரி விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். நீ எந்தக் காலேஜ் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்னைக் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டுவிட்டார்கள்.

சாயந்திரம் வீட்டில் சொன்னேன். லேத் பட்டறையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் குமரேசன் கையில் இருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல், "பாரு, எங்கூட்டு அம்மிணிக்கு வந்த வாழ்வ" என்றார். மனுஷனுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

ஜனவரி 20, திங்கள்

இந்திராணி டீச்சர் ஒரு தாள் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஒரு போர்டு இருக்கும். அதில் வந்திருப்பவரின் பட்டமளிப்பு விழா போட்டோவும் பட்டச் சான்றிதழின் நகலும் ஒட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை வருமாம்.

பீரோவில் தேட வேண்டும்.

மளிகைக்கு எழுத வேண்டும்: துவரம்பருப்பு, கல்லுப்பு, அத்தைக்குத் தைலம். மிஷினுக்கு டோனர் தீரப் போகிறது.

ஜனவரி 22, புதன்

கடையில் நல்ல கூட்டம். பல்கலைக்கழகம் பழைய அரியர்காரர்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று அறிவித்திருக்கிறது. எத்தனை வருஷத்து அரியராக இருந்தாலும் எழுதலாம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் பிப்ரவரி 14. இன்று இரண்டு பேருக்குப் போட்டுக் கொடுத்தேன். அதில் ஒருவர் தலை நரைத்த பஸ் கண்டக்டர். "பேரன் பொறக்கறதுக்குள்ள முடிச்சரோணும்ங்க" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார். பாவம், நல்ல மனிதர்.

எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 25, சனி

அத்தை தெருவெல்லாம் டமாரம் அடித்துவிட்டார். பால்காரர் முதல் எதிர்வீட்டு ரங்கநாயகி அக்கா வரை எல்லோருக்கும் தெரியும். போதாக்குறைக்கு எங்கள் கல்யாணப் பத்திரிகையை எடுத்து ரங்கநாயகி அக்காவிடம் காட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷமாக அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

"பாரு ரங்கநாயகி. திருநிறைச்செல்வி கோகிலவாணி, பி.எஸ்சி. அன்னைக்கே எங்க வகையறால டிகிரி படிச்ச மருமவ இவ ஒருத்திதான்."

நான் உள்ளே போய் அரிசி புடைக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே புடைத்த அரிசி.

ஜனவரி 29, புதன்

சான்றிதழ் கிடைக்கவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

இந்திராணி டீச்சர் போனில் நினைவுபடுத்தினார். மற்ற எல்லோரும் கொடுத்துவிட்டார்களாம். "அம்மா வீட்ல இருக்குதுங்க டீச்சர், எடுத்துட்டு வரச் சொல்லிருக்கேன்" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

பிப்ரவரி 3, திங்கள்

காலேஜுக்குப் போனேன்! பதினாலு வருஷம் கழித்து. உள்ளூரில் இருந்துகொண்டே அந்த வாசலைத் தாண்டியதில்லை என்றால் யாராவது நம்புவார்களா? புளியமரங்கள் அப்படியே இருக்கின்றன. கெமிஸ்ட்ரி லேபில் அதே அழுகின முட்டை நாற்றம். மூக்கைப் பொத்தாமல் ரெண்டு நிமிஷம் நின்று முகர்ந்தேன். லேபில் இருந்த பெண் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

கண்காட்சிக்குக் கொடுக்க ஏதாவது நோட்டீஸ் வேண்டும் என்று ஆபீசில் கேட்டேன். முழுக்கத் தேடிவிட்டு மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரே ஒரு நோட்டீஸைக் கொடுத்தார்கள், அதிலும் டீ சிந்தியிருந்தது. போகட்டும், நான் ஜெராக்ஸ் கடைக்காரி. டீக்கறையை அழித்து, இந்த வருஷப் பாடப்பிரிவுகளைச் சேர்த்து, பஸ் நேரங்களைப் போட்டு, கீழே கல்வி உதவித்தொகை விவரமும் அடித்து நூற்றைம்பது பிரதி எடுத்துவிட்டேன். மஞ்சள் தாளில். பளிச்சென்று இருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யார் தொடப் போகிறார்கள்.

மத்தியானம் கடையில் ஆள் இல்லை. யாரோ ஸ்கேன் பண்ணிவிட்டுப் போன பட்டச் சான்றிதழ் ஒன்று கம்ப்யூட்டரில் கிடந்தது. பேரை அழித்தேன். என் பேரை அடித்தேன். வருஷத்தை மாற்றினேன். பத்தே நிமிஷம். பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். அப்படியே அச்சு அசல். எனக்கே ஒரு நொடி நான் பாஸ் பண்ணிவிட்டதாகத் தோன்றியது.

பாஸ் பண்ணவில்லை. அலைடு மேத்ஸ் ஒரு தாள் நிற்கிறது. முதல் தடவை நாலு மார்க்கில் போனது, இரண்டாம் தடவை ஏழு மார்க்கில். மறுபடி எழுதத் தைரியம் வரவே ஒன்றரை வருஷம் ஆனது. ஹால் டிக்கெட் வந்தால், பரீட்சைத் தேதி கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால். பந்தக்கால் நட்டபிறகு பொண்ணு வாசல்படி தாண்டக் கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதம். பத்திரிகையில் அதற்கு முன்பே பி.எஸ்சி. என்று அடித்தாகிவிட்டது. "எப்புடியும் பாஸாயிருவயில்ல, அடிச்சரலாம்" என்றார் அப்பா. கல்யாணம் முடிந்து இந்த வீட்டுக்கு வந்தபிறகு, இன்னும் ஒரு பரீட்சை எழுத வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது? அந்த பி.எஸ்சி.யைப் பார்த்துத்தானே பெண் எடுத்தார்கள். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அந்தப் போலிச் சான்றிதழை நாலாகக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஃபைலையும் அழித்துவிட்டேன். அந்த வெந்நீரில்தான் குமரேசன் குளித்தார்.

கண்காட்சிக்குப் போகாமல் இருந்துவிடலாமா? காய்ச்சல் என்று சொல்லலாம். ஆனால் அந்த மேசை காலியாகக் கிடக்கும். நூற்றைம்பது மஞ்சள் நோட்டீஸ் இருக்கிறது. போவேன். அது மட்டும் நிச்சயம்.

பிப்ரவரி 7, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது. என் பழைய காலேஜ் ஐடி கார்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. ரெட்டை ஜடை, முகமெல்லாம் பவுடர். அதைப் போர்டு அளவுக்குப் பெரிதாக்கிக் கலரில் எடுத்துவிட்டேன். அந்தக் காலேஜில் படித்தேன் என்பது உண்மைதானே. அதற்கு மேல் யாரும் கேட்காவிட்டால் சரி.

பச்சைக் கலர் காட்டன் சேலைக்குக் கஞ்சி போட்டாகிவிட்டது. தூக்கம் வருமா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 8, சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது!

எட்டரைக்கே போய்விட்டேன். ஹாலில் ஆறு மேசை. ஒன்றாம் மேசை என்ஜினீயரிங் கல்லூரி, மண்டப வாசல் அளவுக்கு ஃபிளெக்ஸ். அங்கே ஹரிபிரசாத் என்று ஓர் இளைஞர், பெங்களூரில் வேலையாம். கழுத்தில் டை கட்டிக்கொண்டு வேர்வையில் நனைந்துகொண்டிருந்தார். வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் பை, பேனா, சாக்லேட். ஐந்தாம் மேசை நர்சிங், ஸ்டெல்லா சிஸ்டர். ஆறாம் மேசை நான். மூலையில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில். எனக்கு ஆத்திரம் வந்தது. அரசு கல்லூரி என்றால் தண்ணீர் டிரம்முக்குக் காவலா?

முதல் அரை மணி நேரம் என்னிடம் ஒருத்தியும் வரவில்லை. எல்லோரும் ஒன்றாம் மேசையில் ஈ மொய்ப்பதுபோல் மொய்த்தார்கள். ஸ்டெல்லா சிஸ்டர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்காதது. எழுந்தேன். டிரம்மின் குழாயை நானே பிடித்துக்கொண்டேன். சாக்லேட் தின்ற வாய் தண்ணீர் கேட்காமல் இருக்குமா? வருகிறவளுக்கெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு மஞ்சள் நோட்டீஸ், நாலு வார்த்தை. பத்து மணிக்கெல்லாம் என் மேசையைச் சுற்றி இருபது பேர்! ஹரிபிரசாத்தே வந்து தண்ணீர் குடித்தார். அவருக்கும் ஒரு நோட்டீஸ் கொடுத்தேன்.

"பஸ் எத்தன மணிக்குங்க்கா?" "ஹாஸ்டல் இருக்குதுங்களா?" "ராகிங் பண்ணுவாங்களா?" என்று பிள்ளைகள் பிடுங்கி எடுத்தார்கள். நானும் விடவில்லை. லேப் நாற்றத்தைச் சொன்னேன், புளியமரத்தடியில் பங்கு போட்டுத் தின்ற புளிச்சோற்றைச் சொன்னேன், ஆசிட் பட்டுச் சுடிதார் ஓட்டையான கதையைச் சொன்னேன். சிரிப்புச் சத்தம் கேட்டு மற்ற மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆகா, எனக்கு எப்படி இருந்தது தெரியுமா!

அப்போதுதான் மௌனிகா வந்தாள். ஒல்லியான பெண், நகத்தைக் கடித்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறனுங்க. சிரிக்கக் கூடாது."

"கேளு கண்ணு."

"காலேஜ்ல ஃபெயிலாயிட்டா என்னங்க்கா பண்ணுவாங்க? வெளிய அனுப்பிருவாங்களா?"

ஒன்றாம் மேசையிலும் கேட்டாளாம். எங்களிடம் ஃபெயில் என்ற பேச்சே கிடையாது, நூற்றுக்கு நூறு ரிசல்ட் என்றார்களாம். இன்னொரு மேசையில் கெட்ட வார்த்தை பேசாதே என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம்.

"எங்கூட்ல நாந்தாங்க்கா மொதல்ல பிளஸ் டூ வந்துருக்கறது. கணக்கு எனக்கு வராது. காலேஜ்ல ஒரு பேப்பர் போனாலும் எங்கப்பா 'போதும், மில்லுக்குப் போ'ன்னுருவாரு. அதுக்குச் சேராமயே இருந்தரலாம்னு தோணுதுங்க்கா."

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன். யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள் என்றேன். ஒரு தாள் போனால் அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி எழுதினால் போதும், அரியரோடு அடுத்த வருஷத்துக்குப் போகலாம், மறுமதிப்பீடு கேட்கலாம், நம் விடைத்தாளின் நகலையே வாங்கிப் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இப்போதுகூடப் பழைய அரியருக்குக் கடைசி வாய்ப்பு வந்திருக்கிறது, பிப்ரவரி 14 வரை போடலாம் என்றும் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் என்னைச் சுற்றி முப்பது நாற்பது பேர், மூச்சுக்கூட விடாமல். எல்லோருக்கும் இந்தச் சந்தேகம்தான் இருந்திருக்கிறது, கேட்கத்தான் பயம். இரண்டு பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு எப்புடிங்க்கா இவ்ளோ தெரியும்?" என்றாள் மௌனிகா.

கடையில் விண்ணப்பம் போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பொய்கூட இல்லை. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"எனக்கே ஒரு பேப்பர் நிக்குது கண்ணு. அலைடு மேத்ஸ். பதினாலு வருசமாச்சு."

ஒருத்தி பின்னால் களுக்கென்று சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப நீங்க டிகிரி முடிக்கலீங்களா?"

"இல்ல."

"ஊட்ல ஒண்ணும் சொல்லலீங்களா?"

"ஊட்ல தெரியாது. இன்னைக்குத்தான் வெளிய சொல்றேன். ஃபெயிலானது ஒரே ஒரு பேப்பருதான். அதச் சொல்லாம மறச்சே இத்தன வருசத்தக் கழிச்சுட்டேன்."

மௌனிகா நகம் கடிப்பதை நிறுத்தினாள். "ஏனுங்க்கா, இப்பத்தான கடைசி வாய்ப்பு இருக்குதுன்னு நீங்களே சொன்னீங்க? பதினாலாந் தேதி வரைக்கும்னு? அப்பப் போட வேண்டியதுதானுங்க?"

"போடுங்க்கா! போடுங்க்கா!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். இந்திராணி டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், எனக்கு மத்தியானச் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியோடு, குமரேசன்.

அவர் தூக்குப்போசியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பேசவில்லை. இட்லியைத் தின்றார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பட்டறைக்குப் போனார். சட்னியில் உப்பு அதிகம், அதைக்கூடச் சொல்லவில்லை.

நான் அழவில்லை. மூன்று வாளி துணி துவைத்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் குமரேசன் சாமிப் படத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பத்திரிகையை எடுத்தார். போச்சு, என் மானம் கப்பலேறப் போகிறது என்று நினைத்தேன். உறையிலிருந்து உருவி என் முன்னால் வைத்தார்.

"மாப்பிள்ளைக்கு நேரா என்ன போட்ருக்குதுன்னு படி."

"குமரேசன், டி.எம்.இ."

"எனக்கு ரெண்டு நிக்குது அம்மிணி. மேத்ஸும் ஹைட்ராலிக்சும்."

டி.எம்.இ. என்றால் மெக்கானிக்கல் டிப்ளமோ. இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.

"பி.எஸ்சி. புள்ளைக்கு அரியர் வெச்சவனக் கட்டி வெச்சுட்டாங்கன்னு நீ நெனச்சுருவயோன்னு பன்னெண்டு வருசமா எனக்குப் பயம். நீ கடைல ஒக்காந்து ஃபாரம் ஃபாரமா அடிக்கறப்ப எல்லாம் எந்திரிச்சு வெளிய போயிருவேன். அன்னைக்கு நீ அத்தன பேரு முன்னால சொன்ன பாரு, எனக்கு நிக்க முடியல. நேத்துப் பூரா எப்புடிச் சொல்றதுன்னே தெரியாமத்தான் பேசாம இருந்தேன். இதுல நாளும் மண்டபமும்தான் உண்மை."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவரும் சிரித்தார். நிறுத்த முடியவில்லை. வாசல் கூட்டிக்கொண்டிருந்த அத்தை விளக்குமாறோடு உள்ளே வந்து என்ன என்று கேட்டார். சொன்னோம். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆயரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணோணும்பாங்க. ரெண்டுதான வெளிய வந்துருக்குது? இதுக்குப் போயி இந்தச் சிரிப்பா?" என்றார். விளக்குமாற்றை மூலையில் சாய்த்துவிட்டு, "இவன் சங்கதி எனக்கு அன்னைக்கே தெரியும். உன்னுதுதான் தெரியாது. கெட்டிக்காரி" என்றார். கோபமா பாராட்டா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பத்திரிகை மட்டும் மறுபடி சாமிப் படத்துக்குப் பின்னால் போய்விட்டது.

பிப்ரவரி 13, வியாழன்

இந்திராணி டீச்சர் வரச் சொல்லியிருந்தார். நின்றபடியே திட்டு வாங்கினேன். "படிச்சு முடிச்சவங்களத்தான கேட்டேன்? மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?" நியாயம்தான். தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு மேசை டிராயரிலிருந்து ஒரு கட்டுச் சீட்டு எடுத்தார். எந்த மேசை பிரயோஜனமாக இருந்தது என்று பிள்ளைகளிடம் எழுதி வாங்கினாராம். நூற்றுப் பதினெட்டுப் பேரில் எழுபத்தொரு பேர் ஆறு என்று எழுதியிருக்கிறார்கள். எழுபத்தொன்று! நானே இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

"அடுத்த வருசமும் ஆறாம் நம்பர் உனக்குத்தான். ஆனா, வெறும் ஐடி கார்டோட வந்தயின்னா உள்ள உட மாட்டேன்" என்றார்.

பிப்ரவரி 14, வெள்ளி

மத்தியானம் மூன்று மணிக்கு என் விண்ணப்பத்தைப் போட்டேன். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு அடித்த அதே ஃபாரம். என் பதிவெண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். நாலரைக்கு மௌனிகா இரண்டு சிநேகிதிகளோடு யூனிஃபார்மில் கடைக்கு வந்தாள்.

"போட்டுட்டீங்களா? ரசீதக் காட்டுங்க்கா" என்றாள்.

காட்டினேன். வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள், மகராசி.

மே 20, செவ்வாய்

வகையீடு வருகிறது. தொகையீடு வரவே மாட்டேன் என்கிறது. கடையில் ஆள் இல்லாதபோதெல்லாம் போடுகிறேன். குமரேசன் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்து, மேலே லேபிள் ஒட்டி, 'கோகிலவாணி' என்று எழுதி, கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்.

ஜூன் 11, புதன்

பரீட்சை எழுதிவிட்டேன். நரைத்த தலைக் கண்டக்டருக்கு அடுத்த பெஞ்ச். எட்டுக் கேள்வி நன்றாக எழுதினேன், ஒன்றை இழுத்து இழுத்து எழுதினேன், ஒன்றைக் கடவுளிடம் விட்டுவிட்டேன்.

வெளியே வந்தால் புளியமரத்தடியில் கூட்டம். முதலாண்டுச் சேர்க்கைக் கலந்தாய்வு இன்றைக்குத்தானாம். கையில் ஃபைலோடு மௌனிகா ஓடி வந்தாள். பிளஸ் டூ கணக்கில் நாற்பத்தொரு மார்க். கெமிஸ்ட்ரி கிடைத்துவிட்டதாம்! நான் கத்தினேன், அவள் கத்தினாள், காக்கா பறந்தது.

மில் சட்டையோடே வந்திருந்த அவளுடைய அப்பா, என் கையில் இருந்த ஹால் டிக்கெட்டையும் என் காதோர நரைமுடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவங்க யாரு கண்ணு? டீச்சருங்களா?"

"இல்லீங்கப்பா" என்றாள் மௌனிகா. "என்ற சீனியர்."

பஸ்ஸில் வரும்போது அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ரிசல்ட். ஊரில் எல்லோருக்கும் நான்தான் ரிசல்ட் பார்த்துச் சொல்கிறவள். என்னுடையதற்கு மட்டும் விரல் போகவில்லை. குமரேசன் வந்து, கிரீஸ் விரலாலேயே அமுக்கினார்.

ஐம்பத்திரண்டு. பாஸ்.

அத்தை லட்டு வாங்கிவிட்டார். வாங்கியபிறகுதான் சிக்கல் தெரிந்தது. "பன்னெண்டு வருசமா பி.எஸ்சி.ன்னு சொல்லிப்போட்டு, இப்ப எதுக்குன்னு சொல்லி ரங்கநாயகிக்கு லட்டு குடுக்கறது?" என்று தலையில் கை வைத்தார். கடைசியில் பட்டறைக்குப் புது மிஷின் வந்திருக்கிறது என்று சொல்லி நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். ஆயிரத்தில் இன்னும் ஒன்று கூடியது.

நோட்டின் லேபிளில் விட்டிருந்த இடத்தில் குமரேசன் பி.எஸ்சி. என்று எழுதினார். பிறகு கடையிலேயே, வாடிக்கையாளர் ஸ்டூலில், தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். பாலிடெக்னிக் அரியருக்கும் வாய்ப்பு வந்திருக்கிறதாம். எனக்குத் தெரியாதா என்ன? போன வாரமே ஃபாரத்தை இறக்கி வைத்துவிட்டேன்.

"சொல்லுங்க. பேரு?" என்றேன்.

"குமரேசன்."

"எத்தன பேப்பருங்க நிக்குது?"

"ரெண்டுங்க மேடம்" என்றார்.